கம்ப்யூட்டரைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம்

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் பிள்ளைகளுக்காக ஒரு கம்ப்யூட்டர் அறை அமைக்கப்போகிறோம். பணம் கையில் இருக்கிறது. துபாய், சிங்கப்பூர், சென்னை என்று சிதறிக் கிடக்கும் ஊர்ப் பையன்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் பேசியே இரண்டரை லட்சம் சேர்த்துவிட்டார்கள். பணத்தோடு ஒரு பட்டியலும் வந்தது: 20 கம்ப்யூட்டர், ஒரு ஸ்மார்ட் போர்டு, ஒரு ஏசி, வாசலில் நன்கொடையாளர் பெயர் வெட்டிய கல். கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன் என்பதால் பட்டியல் என்னிடம் வந்து சேர்ந்தது. "தம்பி, நீ ரேட்டு மட்டும் போட்டுக் குடு, மத்ததை நாங்க பார்த்துக்கிடுதோம்" என்றார் செயலாளர் அண்ணாச்சி.

ரேட்டு போட ஐந்து நிமிஷம் போதும். ஆனால் இந்தத் தொழிலில் நான் பார்த்த வரைக்கும், பூட்டிக் கிடக்கும் கம்ப்யூட்டர் அறைகளில் முக்கால்வாசி கம்ப்யூட்டர் சரியில்லாமல் பூட்டப்பட்டவை அல்ல. எர்த் இல்லாமல் போர்டு போர்டாகப் புகைந்தவை, யூபிஎஸ் பேட்டரி மாற்றக் காசில்லாமல் நின்றவை, சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாமலே தூசி படிந்தவை. அதனால் அண்ணாச்சியிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். கம்ப்யூட்டர் கடைசி. அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. கல் வெட்டுகிறவருக்கும்தான்.

படிப்பகம் 16 அடிக்கு 24 அடி, காங்கிரீட் கூரை. ஒரு காலத்தில் தினசரிப் பேப்பரும் கேரம் போர்டுமாக நிறைந்து கிடந்த இடம். இப்போது பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு மைக்செட் இறக்கி வைக்கத்தான் திறக்கிறார்கள். மெயின் போர்டைத் திறந்தால் பீங்கான் ஃபியூஸ் கேரியர். அதில் கம்பிக்குப் பதில் யாரோ ஒயரிலிருந்து பிரித்த செம்பு இழைகளை முறுக்கி வைத்திருந்தார்கள். சுவரில் மரப்பட்டை ஒயரிங். மூன்று துளை உள்ள பிளக் பாயின்ட் இரண்டு இருந்தன. மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை.

எர்த்துக்கான இந்த மூன்றாவது துளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டியல் போடுகிற எவரும் இதைப் போடுவதில்லை. கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, உள்ளே, கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்னக் கண்டென்சர்கள் போட்டிருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் இரண்டு கண்டென்சருக்கும் நடுவில் தொங்கும் கேபினெட் தகரத்தில் பாதி வோல்டேஜ், அதாவது நூறு நூற்றுப்பத்து வோல்ட் அளவில், ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் அதில் இல்லை. ஆனால் வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நிற்கும் ஆறாங்கிளாஸ் பிள்ளை தகரத்தைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கும். மறுநாள் அந்தப் பிள்ளை வராது. அதன் அம்மா அனுப்ப மாட்டார்.

பார்ப்பது சுலபம். மல்டிமீட்டரை வைத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஒரு அளவு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒரு அளவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. புதுக் கட்டடமாக இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

ஆகவே முதல் செலவு எர்த் குழி. எங்கள் ஊர் மண் கரிசல். மழைக்காலத்தில் இதைப் போல எர்த்துக்கு ஏற்ற மண் கிடையாது, ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். சித்திரை வெயிலில் கதையே வேறு. மண் சுருங்கி, கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். எர்த் கம்பியைச் சுற்றி இடைவெளி விழுந்தால் கம்பி காற்றில் நிற்கிற கணக்குத்தான். கடையில் எர்த் குழிக்கென்று விற்கும் பென்டோனைட் பொடியும் களிமண்தான், கரிசலில் இருக்கும் களிமண்ணுக்கு நெருங்கிய சொந்தம். அதற்கும் ஈரம் வேண்டும். ஆகவே குழியை எங்கே தோண்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் வசதிக்கு மெயின் போர்டுக்கு நேர் வெளியே தோண்டப் பார்ப்பார். நான் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் இடத்துக்குப் பக்கத்தில் குறித்துக் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் ஒயர் கூடுதலாகும், ஆகட்டும். கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டியதில்லை.

ஃபியூஸ் கேரியரைக் கழற்றிவிட்டு, லோடு மீறினால் தானே விழும் எம்சிபி, கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி. கம்ப்யூட்டருக்குத் தனி லைன், 2.5 ஸ்கொயர் ஒயர், ஃபேனுக்கும் லைட்டுக்கும் வேறு லைன். ஒவ்வொரு இடத்திலும் சுவரிலேயே பிளக் பாயின்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுப்பது என்பது அந்த அறையில் கிடையாது. ஐப்பசி இடிக்கு ஒரு சர்ஜ் புரொடெக்டரும் போர்டில் உட்காரும். இன்டர்நெட் ஃபைபரில் வருவது இந்த விஷயத்தில் பெரிய நிம்மதி. கண்ணாடி இழை இடியைக் கடத்தி வராது. பழைய டெலிபோன் லைன் காலத்தில் மழை விட்ட மறுநாள் காலையில் கடை வாசலில் மோடமும் மதர்போர்டுமாக வரிசை நிற்கும்.

இப்போது பவர் கட். நன்கொடைப் பட்டியலில் யூபிஎஸ் என்று ஒரு வரிகூட இல்லை. பொதுவாக ஆளுக்கு ஒரு 600 விஏ யூபிஎஸ் வாங்கிப் போடுவார்கள். அதனுள் 7 ஆம்ப்ஹவர் பேட்டரி ஒன்று இருக்கும். பத்து நிமிஷம் தாங்கும், சேவ் செய்து அணைக்கலாம். இரண்டு வருஷத்தில் எல்லாப் பேட்டரியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சாகும், அப்போது யாரும் காசு தர மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக, ஆன்லைன் வகை என்று சொல்லும் பெரிய யூபிஎஸ் ஒன்று வாங்கினால் அதற்கும் ஆறு, எட்டு என்று பேட்டரி வரிசை. அருமையான சாமான்தான், பாங்குகளுக்கு.

நான் போட்ட கணக்கு வேறு. சாதாரண டவர் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து ஏறத்தாழ 80, 90 வாட் இழுக்கும். பத்து என்றால் 900 வாட். அதே வேலையைச் செய்யும் மினி கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, ஹெச்பி மினி என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. டிஃபன் பாக்ஸ் அளவு இருக்கும், லேப்டாப் சார்ஜர் போன்ற அடாப்டரில் ஓடும். எழுதுவது, படிப்பது, புரோகிராம் போடுவது போன்ற வேலைக்கு 20, 25 வாட் போதும். 18.5 அங்குல எல்இடி மானிட்டர் 15 வாட். ஆக ஒன்றுக்கு 40, பத்துக்கு 400. ஃபைபர் பெட்டியும் நெட்வொர்க் சுவிட்சும் ஒரு 25.

425 வாட் என்றால் வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும். 1100 விஏ சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒன்று, 150 ஆம்ப்ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்று. 12 வோல்ட்டை 150ஆல் பெருக்கினால் 1800 வாட்ஹவர். காகிதத்தில் நான்கு மணி நேரம். இன்வெர்ட்டரில் வீணாவது, வேகமாக உறிஞ்சினால் பேட்டரி முழுசாகத் தராதது எல்லாம் கழித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் நிச்சயம். ஒரு வகுப்பு முழுசாக முடியும். பேட்டரி ஒன்றே ஒன்று, அதற்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இன்வெர்ட்டருக்குப் பின்னால் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும், ஒருபக்கம் யூபிஎஸ் என்றும் மறுபக்கம் நார்மல் அல்லது ஈகோ என்றும் எழுதியிருக்கும். வீடுகளில் அது பெரும்பாலும் நார்மலில்தான் இருக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்க 40 மில்லிசெகண்ட் வரை ஆகும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது. கம்ப்யூட்டரின் சப்ளை, முழு லோடில் 16 மில்லிசெகண்ட் அளவுக்குத்தான் மூச்சுப் பிடித்திருக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறையும், கம்ப்யூட்டர் அணையாது. அதற்கு விலையும் உண்டு. அந்த மோடில் வோல்டேஜ் 180க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடும். எங்கள் ஊரில் மாலையில் அளந்து பார்த்தால் 195க்குக் கீழே இறங்கவில்லை. லோ வோல்டேஜ் ஊராக இருந்தால் முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் வைக்காமல் இதைச் செய்யாதீர்கள்.

பாருங்கள், எந்தக் கம்ப்யூட்டர் என்பதை கரண்ட்டே முடிவு செய்துவிட்டது. இருபது என்றால் அந்த ஒரு பேட்டரி ஒரு வகுப்பு முழுக்கத் தாங்காது. இருபது ஏன் பத்தாயிற்று என்பதையும் அதுதான் சொன்னது, மீதியை அறையின் நீளம் சொன்னது.

இரண்டு நீளச் சுவரையும் ஒட்டி, பக்கத்துக்கு ஐந்து இடம். ஒரு இடத்துக்கு நான்கு அடி, ஏனென்றால் ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு பிள்ளைகள் உட்காருவார்கள். ஆளுக்கொன்று வேண்டும் என்று குழுவில் ஒருவர் வாதாடினார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சின்னப் பிள்ளைகள் இருவராக உட்கார்ந்தால்தான் வாயைத் திறந்து பேசுகிறார்கள், ஒருவர் தடுமாறினால் இன்னொருவர் சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளைகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் நடுவில் நிற்கிறவருக்குப் பத்துத் திரையும் தெரியும். வரிசையாக பெஞ்சு போட்டு எல்லாரும் முன்னே பார்க்கும்படி வைத்தால் ஆசிரியருக்குத் தெரிவது மானிட்டரின் முதுகு மட்டும்தான். ஜன்னல்கள் பழைய மோஸ்தர், மேல் கதவு தனி, கீழ்க் கதவு தனி. கீழ்க் கதவை நிரந்தரமாகச் சாத்திவிட்டால் கண் கூசாது, சாரலும் அடிக்காது. மேல் வழியாகக் காற்று வரும். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி அதே வழியாக வரும், அதற்குக் கொசுவலை.

மேஜைக்கு பிளைவுட் என்றார்கள். எங்கள் ஊர்க் கரையானுக்கு அது பந்தி. இரண்டு அடி அகலக் கடப்பாக் கல்லை செங்கல் தூண் கட்டி அதன்மேல் பதித்துவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும். தரையிலிருந்து 27 அங்குலம். பெரியவர்கள் மேஜையைவிடக் கொஞ்சம் தாழ்வு. கல்லைப் பதிக்கும் முன்பே ஒயர் போக ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும், முன் விளிம்பை உருட்டச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மணிக்கட்டை அறுக்கும். ஏசி வேண்டாம். மினி கம்ப்யூட்டர் அவ்வளவு சூடு கக்காது. மாடியில் வெயில் தடுக்கும் வெள்ளைப் பெயின்ட் அடித்து, ஃபேனை மாற்றினால் போதும். ஸ்மார்ட் போர்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, அவர்களும் மறந்துவிட்டார்கள்.

இனி கம்ப்யூட்டர். புதிதாக வாங்கினால், மற்றச் செலவு போக மிஞ்சும் காசுக்கு நான்கு வரும். பழசு வாங்குவதற்கு இதைவிட நல்ல காலம் வராது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும். அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 பெட்டிகளை ஆபீஸ்கள் கட்டுக்கட்டாகத் தள்ளுகின்றன. அவற்றில் ஒரு குறையும் இல்லை. 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் மின்ட் பறக்கும். மானிட்டர், கீபோர்டு எல்லாம் சேர்த்து ஒரு செட் 12,000 ரூபாய் பக்கம் பேசி வைத்திருக்கிறேன். ரேம் விலை ஏறிக்கிடக்கிறது, ஆகவே "4 ஜிபியோடு வாங்கிட்டு அப்புறம் ஏத்திக்கிடலாம்" என்கிற பேச்சு வேண்டாம்.

பழசு வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது, திரை பளபளப்பு அல்ல. முதலில் ஆன் செய்து பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் வரும் செட்டிங் திரைக்குள், போக முடிகிறதா என்று பாருங்கள். ஆபீஸ் பெட்டிகளில் ஐடி ஆட்கள் பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள், சில மாடல்களில் அதை எடுப்பது பெரும்பாடு. அப்புறம் அடாப்டர். டெல் அடாப்டரில் தன்னை அடையாளம் சொல்லும் சின்ன சிப் ஒன்று இருக்கிறது. போலி அடாப்டர் போட்டால் பெட்டி ஓடும், ஆனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நொண்டும்; வாங்கினவர் பழைய பெட்டி அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார். மூன்றாவது, எல்லாம் ஒரே மாடலாக இருக்க வேண்டும். ஒரு பெட்டியைத் தயார் செய்து, குளோன்ஸில்லா என்கிற இலவச சாஃப்ட்வேரில் டிஸ்க்கை நகலெடுத்து மற்றவற்றில் இறக்கினால் ஒரே சாயங்காலத்தில் வேலை முடியும். பதினொன்றாவது பெட்டி பீரோவுக்குள் ஸ்பேர். மினி பெட்டிக்கு ஒரு ஆபத்தும் உண்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டே போய்விடலாம். மானிட்டர் முதுகில் இரும்புப் பட்டை போட்டு போல்ட் முடுக்கிவிடுவதாக இருக்கிறோம்.

"வேலைக்குப் போனா விண்டோஸ்தானே அண்ணே?" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களுக்கு சி++, பன்னிரண்டில் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும். எல்லாமே லினக்ஸில் காசில்லாமல் ஓடும். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் புத்தகத்தில் இருப்பது ஓபன் ஆபீஸ், அதிலிருந்து பிரிந்த லிப்ரே ஆபீஸ் மின்ட்டோடு கூடவே வருகிறது. திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுத்தால் மாதம் ஒருமுறை வைரஸ் எடுக்க நான் வர வேண்டும், அதற்கு எனக்கு நேரமில்லை. டைப்பிஸ்ட் வேலைக்கு ஆபீஸ் ஆட்டோமேஷன் பரீட்சை எழுதுகிறவர்களுக்காக, பொறுப்பாளர் மேஜையில் மட்டும் எட்டாம் தலைமுறைப் பெட்டி ஒன்று, முறையான விண்டோஸோடு.

நெட்வொர்க் சின்ன வேலை. பதினாறு போர்ட் சுவிட்ச், கேட் 6 ஒயர், கேசிங் பட்டை. கரண்ட் ஒயரோடு சேர்த்து ஓட்டாமல் ஒரு அடி தள்ளி, எலி கடிக்காத உயரத்தில். வைஃபை போட மாட்டோம். போட்டால் படிப்பகத்துத் திண்ணை இரவு பன்னிரண்டு மணிக்கும் நிரம்பி வழியும், உள்ளே பிள்ளைகளுக்கு நெட் நகராது. ரூட்டரில், தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை 1.1.1.3 என்று மாற்றினால் வேண்டாத தளங்கள் பெரும்பாலும் திறக்காது, அது இலவசம்தான். நெட் போனாலும் பாடம் நிற்காமலிருக்க, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை முழுசாக இறக்கி, நெட் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் சாஃப்ட்வேரில் வைக்கலாம், ஒரு பென்டிரைவுக்குள் அடங்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்கிற, திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகளையும் அப்படியே. பள்ளிக்கூட லேபில் ஒருமுறை தூரத்திலிருந்து காட்டும் ஊசல் ஆட்டத்தை, இங்கே பிள்ளை தானே நூலை நீட்டிக் குறுக்கிப் பார்க்கும்.

தமிழ் தட்டச்சில்தான் சின்னச் சண்டை வந்தது. பொறுப்பேற்க ஒத்துக்கொண்டவர் எங்கள் மதினி. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், கல்யாணத்துக்கு முன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக் கொடுத்தவர். அவருக்குப் பழைய தமிழ் டைப்ரைட்டர் முறை விரலிலேயே ஊறியிருக்கிறது. பிள்ளைகளோ போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிறார்கள். நான் தமிழ்99 பக்கம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்து, அரசு ஏற்றுக்கொண்ட முறை. உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்று அடிக்க நான்கே தட்டல். மதினி அடித்துப் பார்த்துவிட்டு, "சின்னப் புள்ளைகளுக்கு இது சரி. பரீட்சைக்குப் போறவங்களுக்கு என் முறையும் இருக்கணும்" என்றார். இரண்டையும் போடுகிறோம். ஸ்டிக்கர் ஒட்டலாமா என்றதற்கு மட்டும் கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டார். சுவரில் படம் தொங்கும். கீயைப் பார்த்து அடிக்கப் பழகினால் சாகும் வரை பார்த்துத்தான் அடிப்பார்களாம்.

கடைசியில் காசு எங்கே இடிக்கிறது என்றால், மதினியின் சம்பளத்தில். பொருள் வாங்கக் கொடுக்கிறவர்கள் மாதாமாதம் கொடுக்க யோசிக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குப் படம் எடுத்து குழுவில் போடலாம், சம்பளத்துக்கு என்ன படம் எடுப்பது? மாதம் 4,000 சம்பளம், கரண்ட் பில், இன்டர்நெட், எல்லாம் சேர்த்து ஆறாயிரம் கிட்ட வரும். பன்னிரண்டு பேர் மாதம் 500 என்று எழுதிக் கொடுத்தால்தான் பெட்டி வாங்குவேன் என்று சொல்லிவிட்டேன். இதுவரை ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். அண்ணாச்சி மீதியைப் பிடித்துவிடுவார், அவர் கோயில் கொடைக்கு வரி பிரிக்கிற ஆள்.

நேரம், மாலை ஐந்து முதல் ஆறரை. தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஆறரைக்குத்தான் ஊருக்குள் வரும். இறங்குகிற அம்மாமார் பிள்ளைகளைக் கையோடு கூட்டிப் போகலாம். இருட்டிய பிறகு என்றால் பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், அப்புறம் அது பையன்கள் கேம் விளையாடும் இடமாகிவிடும். சனி, ஞாயிறு காலையில் முழுக்கப் பெண் பிள்ளைகளுக்கு. சாவி இரண்டு, ஒன்று மதினியிடம், ஒன்று பலசரக்குக் கடையில். தலைவர் வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்று யோசனை வந்தது. தலைவர் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார், கடை மாறாது என்று சொல்லித் தட்டிக்கழித்தாயிற்று.

பிரின்டர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும், பக்கத்துக்குக் காசு வாங்கினால் பேட்டரி நிதிக்கும் ஆகும். கலர் இங்க் டேங்க் வேண்டும் என்கிறார்கள். எங்கள் வெயிலில் நாலு வாரம் ஓட்டாமல் வைத்தால் ஹெட் காய்ந்துவிடும். கறுப்பு வெள்ளை லேசர் போதும் என்பது என் கட்சி. உங்கள் ஊரில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. ஆறு அல்லது ஏழாம் தலைமுறை ஐ5 மினி பெட்டி, ஒரே மாடலில் பதினொன்று, ஒரிஜினல் அடாப்டரோடு, பயாஸ் பாஸ்வேர்டு இல்லாமல் எந்த ஆபீஸாவது கழிக்கிறது என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி எதுவாக இருந்தாலும் வண்டி வைத்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். எர்த் குழி தோண்டி முடிந்த பிறகுதான் வருவேன்.